பதினைந்து நிமிடம்

வேன்காரர்கள் கணக்கில்
எங்கள் மியூசியம் பதினைந்து நிமிடம்.
தூண் பாறைக்கு இருபது, பைன் காட்டுக்கு அரை மணி,
ஏரிக்கு மட்டும் "உங்க இஷ்டம் சார்."
நடுவில் யாருக்காவது ஒன்றுக்கு முட்டினால்
நாங்கள்.

பெரியவர் இருபது, சிறுவர் பத்து, கேமரா ஐம்பது.
கைபேசி கேமராவில் சேருமா என்று தினம் ஒரு வழக்கு.
சீட்டைக் கிழிக்கும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
"உள்ள என்னம்மா இருக்கு?"

என்னத்தைச் சொல்ல.
வைக்கோல் திணித்த சிறுத்தை.
இடக்கண் பளிங்கு, வலக்கண் கோட்டுப் பொத்தான்
(தைத்தது நான்தான், மேலிடத்துக்குத் தெரியாது).
ஃபார்மலினில் வெளுத்த பாம்புகள்.
குண்டூசியில் நானூற்றுப் பத்து பட்டாம்பூச்சி.
கூடத்து நடுவில் காட்டுமாடு,
முழங்கால் வரை வெள்ளைக் காலுறை.
பிடிபட்ட இடம் வட்டக்கானல், ஆண்டு அழிந்துவிட்டது.
ஏழு வருடமாய் வாரம் இருமுறை
அதன் மூக்கைத் துடைக்கிறேன்.
இவ்வளவு கிட்டத்தில்
என் வீட்டுக்காரர் ஆரோக்கியத்தின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

மே மாதம், மலர்க் கண்காட்சியின் இரண்டாம் நாள்.
பிரையண்ட் பூங்காவில் கார்னேஷனால் மயில் செய்திருந்தார்கள்;
மயிலுக்காக மூஞ்சிக்கல் வரை வண்டி நின்றது.
மயிலை எட்ட முடியாத ஒரு வேன்
எங்கள் வாசலில் ஒதுங்கியது.
விருதுநகர்க்காரர்கள், பதினேழு பேர்.

மூன்றே முக்காலுக்கு மேகம் இறங்கியது.
நாலு மணிக்கு அது வந்தது.

முதலில் கொம்பு.
பிறகு, இருட்டு என்று நான் நினைத்தது
தோளாக அசைந்தது.
மேகத்துக்குள் தனியாய் ஒரு சின்ன மேகம்,
விட்டு விட்டு: மூச்சு.

வாட்ச்மேன் தங்கமாயன் கதவைச் சாத்தினார்.
செல்ஃபிக்குப் பாய்ந்தவனின் காலரை
அவன் தங்கை பிடித்து இழுத்தாள்.
டிரைவர் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஹாரன் பக்கமே கையை வைக்கவில்லை.
மலைக்காரர்.

கரண்ட் போயிற்று.
சும்மா இருக்கத் தெரியாதவர்கள்
வேறு வழியில்லாமல்
எழுதி வைத்திருப்பதைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

பாத்திரக்கடை வேலாயுதம்
கைபேசி வெளிச்சத்தில் பட்டாம்பூச்சிகளை எண்ணினார்.
சரக்கு எண்ணிப் பழகிய விரல்.
"ஒண்ணு குறையுதே தாயி."
போய் எண்ணினேன். இரண்டு தடவை.
நானூற்று ஒன்பது.

மகிழினி, ஏழு வயது,
சிறுத்தையின் கண்ணில் நாலு ஓட்டை இருக்கிறது என்றாள்.
நான் தங்கமாயனைப் பார்த்தேன்;
அவர் கூரையைப் பார்த்தார்.
அப்புறம் காட்டுமாட்டின் வயிற்றடியில் படுத்துக்கொண்டு
"இங்க தையல் போட்டிருக்கு" என்றாள்.
விரலால் தையலோடேயே போனாள்,
கழுத்திலிருந்து வால் வரை.
எழுந்து வந்து ஜன்னலில் மூக்கை வைத்து
"அதுக்கும் இருக்குமா?"

யாரும் பதில் சொல்லவில்லை.

வெளியே இருந்ததோ
எங்களைப் பார்க்கவேயில்லை.
பத்தொன்பது முகம் கண்ணாடியில் ஒட்டியிருந்தும்
ஒரு தடவைகூட.
வரவேற்புக்கு வைத்த ஹைட்ரேஞ்சியாவை மோந்துவிட்டு விட்டது.
சீட்டுக் கொட்டகைக்குப் பின்னால்
சத்தமில்லாமல் நான் போட்டிருந்த பீன்ஸ் பந்தல்
அதற்கு எப்படித் தெரிந்ததோ.
பொறுமையாய் நின்று தின்றது.
கொடி அறுபடும் சத்தம்
உள்ளே வரை கேட்டது.

ஐந்தரைக்கு அங்கே மேகம் மட்டும்தான் இருந்தது.

தூண் பாறை போச்சு, கோக்கர்ஸ் வாக் போச்சு,
பாதிக் காசைத் திருப்பிக் கொடு என்று
வேனடியில் சண்டை.
"மாட்டை நானா சார் கூட்டியாந்தேன்?"
மகிழினி சண்டையில் சேரவில்லை.
சட்டைக்குள் கையை விட்டு
வயிற்றைத் தடவிக்கொண்டே ஏறினாள்.

பதிவேட்டில் எழுதினேன்: பார்வையாளர் 17.
எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதற்கு
அதில் கட்டம் கிடையாது.
பட்டாம்பூச்சிப் பெட்டியின் மேல்
பத்தை அடித்து ஒன்பதாக்கினேன்.
பொத்தானை அப்படியே விட்டேன்.

வாசற்படியில் சாணம்,
இன்னும் ஆவி பறந்துகொண்டு.
வாளியில் அள்ளிப் போய்
மிச்சமிருந்த நாலு பீன்ஸ் தூருக்குப் போட்டேன்.