அடுத்த தேதி

முதல் தடவை தலையணை உறையில் போட்டுக்கொண்டு போனேன்.
செம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால்,
ஜெராக்ஸ் கடைக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் நடுவே
ஒற்றை ஷட்டர் கிளினிக்.
மழை. உறைக்குள் எட்டு வார உயிர்.
தராசு எழுநூற்று நாற்பது கிராம் என்றது.

“நாவ் காய்?” என்றார் டாக்டர் கைசாஸ்.
பொரி, என்றேன்.
வெள்ளை உடம்பில் அங்கங்கே கருகல்,
சட்டியின் அடியில் தங்கிவிட்ட மாதிரி.
அவர் காதில் அது மராத்தியாக விழுந்தது.
போரி என்றால் அங்கே சிறுமி.
பால் என்ற இடத்தில் பெண் என்று எழுதி
மேற்கொண்டு பார்க்காமல் பூச்சி மருந்தை ஊட்டிவிட்டார்.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது வாலைத் தூக்கிப் பார்த்து
நெடுநேரம் சிரித்தார்.
அந்த அடித்தல் திருத்தல்
இன்றும் முதல் பக்கத்தில் இருக்கிறது.
பெயரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை,
பொரி உட்பட.

ஆறாம் மாதம் அறுவை.
கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு
தேர்தல் ஜீப் போலச் சுவர் சுவராக முட்டிக்கொண்டு நடந்தான்.
பிரச்சாரம் முழுக்க எனக்கு எதிராகத்தான்.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை.
ஸ்டிக்கர், கையெழுத்து, எடை, அடுத்த தேதி.
மூணு எண்ணூறு. நாலரை. அஞ்சு இருநூறு.
“கொஞ்சம் குறைக்கலாம்” என்று டாக்டர்
பூனையைப் பார்த்துத்தான் சொன்னார்.
வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டது நான்.

மாடிவீட்டுப் பர்வதவர்த்தினி கேட்பாள்:
ஒன்றும் இல்லாத பூனைக்கு எதற்கு ஆஸ்பத்திரி?
ஒன்றும் இல்லை என்று கேட்டுவரத்தான்.
அந்த ஒரு வாக்கியத்துக்கு
ஆட்டோவோடு சேர்த்து ஆயிரத்து இருநூறு.

ஏழாம் வயது.
“இனி ரத்தமும் பார்த்துவிடலாம்,
ராத்திரி ஒன்பதுக்கு மேல் சாப்பாடு வேண்டாம்.”
வாடை வந்தால் கூப்பாடு போடுவானென்று
நானும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.
ராத்திரி முழுக்க ஒரே காலித் தட்டை
இரண்டு பேரும் சுற்றிவந்தோம்.

காலையில் முன்னங்காலைச் சதுரமாக மழித்து
ரெண்டு மில்லி எடுத்தார்கள்.
கத்தவில்லை. கூடைக்குள் போய்
முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.
வெளியே வந்தால் பக்கத்துக் கூடம்.
என் பையில் ரெண்டு வருஷமாக ஒரு சீட்டு,
மடிப்பில் எழுத்து உதிர்ந்துபோய்.
“வெறும் வயிறா?” என்றாள் அந்தப் பெண்.
ஆமாம்.
என்னாலேயே நம்ப முடியவில்லை.
கூடையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினேன்.

அவனுக்கு எல்லாம் சரி, கடைவாய்ப் பல்லில் மட்டும் காரை.
எனக்குச் சர்க்கரை. இருநூற்றுப் பதினெட்டு.

பதினொன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை.
பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்காது என்பார்கள்;
வாலில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்க
சுஷ்மா கதம் இருக்கிறாள்.
ஆறு தடவை அளந்து ஐந்துக்குச் சராசரி எடுக்கிறாள்.
முதல் அளவு பயத்தினுடையது,
அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாலு எண்ணூறு. நாலரை. நாலு இருநூறு.
டாக்டர் வயிற்றுக்கு வெளியிலிருந்தே
விரல்களால் சிறுநீரகத்தைத் தேடுகிறார்,
அரிசிக்குள் விழுந்த மூக்குத்தியைத் தேடுவதுபோல.
தண்ணீர் எவ்வளவு குடிக்கிறான்?
அலமாரி மேல் ஏறுகிறானா?

ஏறுவதில்லை.
அவர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.
எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை.

இன்று புத்தகத்தில் இடம் முடிந்துவிட்டது.
சுஷ்மா பின்னட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.
பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தாள்.
மேஜை இழுப்பறையில் துழாவி ஒரு பென்சிலை எடுத்தாள்.
எடை: நாலு கிலோ.
அடுத்த தேதி: ஜனவரி ஒன்பது.

வெளியே மழை.
கூடை மேல் பழைய தலையணை உறையைப் போர்த்திக்கொண்டு
ஆட்டோவுக்கு நின்றேன்.
பக்கத்துக் கூடத்துப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
வயிற்றைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.
இல்லை, ரெண்டு இட்லி ஆச்சு என்று
விரல் காட்டினேன்.