பைய வலி

பழைய கேபிளை உருவுமுன்
அதன் வாலில் ஒரு நூலைக் கட்டியிருக்க வேண்டும்.
தெரியும்.
தெரிந்தும் உருவினேன்,
சனிக்கிழமை ராத்திரி எட்டேகாலுக்கு,
திங்கள்சந்தை மாடிவீட்டில்
கரண்ட் திரும்பி வந்த சந்தோஷத்தில்.

துருவேறிய ஒன்றரை மீட்டர்
கையோடு வந்துவிட்டது.
கழுத்தருகே ஒரு துளை,
பின்சக்கரத்தருகே ஒரு துளை,
நடுவில் காலிக் குழாய்.

இத்தனைக்கும் நாகர்கோவிலில் என் வேலையே
குழாய்க்குள் குழாய் விடுவது.
டாக்டர் கைப்பிடியைத் திருப்ப
நான் தள்ளிக் கொடுப்பேன்.
இன்று ஏழு பேர்.
தொண்டை, உணவுக்குழல், இரைப்பை,
சிறுகுடலின் முதல் திருப்பம்.
எல்லாருக்கும் ஒரே கேள்வி:
வலிக்குமா சிஸ்டர்?
வலிக்காது, விழுங்குங்க, இன்னும் ஒரு வாட்டி.
அங்கே நுனியில் விளக்கு இருக்கும்,
திரை முழுக்க இளஞ்சிவப்பு,
தப்பான பக்கம் போனால் ஆள் இருமுவார்.
இந்தச் சவம் இருமாது.

கியர் கேபிளைத் தள்ளினேன்.
பெடல் அச்சைக் கழற்றி வைத்திருந்த பொந்தில்
எட்டிப் பார்த்தது,
அடுத்த குழாய்க்குத் திரும்ப மாட்டேன் என்றது.
நுனியை வளைத்து விட்டேன்.
நிமிர்த்தி விட்டேன்.
பிரிந்த கம்பி ஒன்று கட்டைவிரலில் ஏறியது.
சட்டத்தைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கியதில்
மணல்,
ஒரு தேக்கரண்டி இருக்கும், குளச்சல் மணல்.
"வீட்டுக்குள்ளயேதான் வச்சிருந்தேன் மேடம்"
என்று விற்றவன் மாதாமேல் ஆணையிட்டிருந்தான்.

பத்து மணிக்குக் கீழ்வீட்டு கிளிட்டஸ் வந்தான்.
சூரைக்குப் போய் நாற்பது நாள் கழித்து
முந்தாநாள்தான் கரையேறியவன்.
"பிள்ள ஒறங்குது, என்ன தட்டு இது?"
சண்டைக்கு வந்தவன்
துளையில் ஒற்றைக் கண்ணை வைத்தான்.
கொஞ்சநேரம் எடுக்கவில்லை.
பிறகு இறங்கிப் போய்
தங்கூசி ஒரு கண்டு, தையல் ஊசி ஒன்று,
செத்துப்போன ஸ்பீக்கரின் காந்தம்
மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு ஏறி வந்தான்.

ஊசியின் காதில் தங்கூசியைக் கட்டி
கழுத்துத் துளையில் விட்டோம்.
வெளியே காந்தம் நகர
உள்ளே ஊசி நகர்ந்தது.
பெயின்டின் அந்தப் பக்கம்
டிக், டிக் என்று
கூடவே வரும் சின்ன நகம்.
அவன் காந்தம், என் நூல்.
"பைய வலி," என்றான்.
இழுக்கச் சொல்கிறான் என்று தெரிந்தும்
ஒரு நொடி
பகலில் கேட்ட ஏழு பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

முதல் தடவை திருப்பத்தில் ஊசி விழுந்தது.
இரண்டாம் தடவை எதையோ கொக்கியிட்டு இழுத்து வந்தது:
பச்சை நூல், ஒரு சாண்,
நுனியில் முடிச்சு.
எங்களுக்கு முன்னால் யாரோ
இதே இடத்தில் தோற்று
அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
கிளிட்டஸ் அதை விளக்கில் திருப்பிப் பார்த்து
"கெட்டத் தெரியாத பய," என்றான்.

பதினொன்றரைக்குப் பின்துளையில் ஊசிமுனை.
நாங்கள் கத்தியதில்
பிள்ளை எழுந்துவிட்டது.
கீழேயிருந்து அவன் மனைவி சொன்னதை
இங்கே எழுத முடியாது.

தங்கூசியின் வாலில் கேபிளைச் சேர்த்து ஒட்டி
தனியாளாக வலித்து முடித்தேன்.
பிரேக் கேபிள் சாது,
மேல்குழாயில் போன கையோடு வந்தது.
ஒரு மணிக்கு லீவரை அழுத்தினேன்.
பின்சக்கரம் நின்றது.
கியரைத் தட்டினேன், செயின் ஏறி இறங்கியது.
மேசையில் ஒரு மூடி மிச்சம்,
அரிசி அளவு, எந்த முனையில் மாட்ட மறந்தேனோ.
தேடவில்லை.

விடிந்ததும் அதைப் பையில் போட்டுக்கொண்டு
முட்டம் ரோட்டில் இறங்கினேன்.
நல்ல தாரில் சத்தமே இல்லை.
குழி விழுந்த இடங்களில் மட்டும்
கேபிள் குழாயை உள்ளிருந்து தட்டியது.
கைப்பிடியை விடாமல்
ஒரு விரலால் நானும் தட்டினேன்.