இருபது நிமிசம்

வெந்நீர் பட்டால் வழிந்து போய்விடும்.
பாகு அப்படியில்லை.
பட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்,
குடி வந்தவனைப் போல.

மார்கழியில் கவுந்தப்பாடிப் பக்கம்
எந்தத் தோட்டத்திலும் ஆலை புகையும்.
காற்று இனிக்கும்.
அந்த மணம் எங்கள் வார்டுக்கும் வரும்,
ஸ்ட்ரெச்சரில்.

மாரசாமி துடுப்புப் போடுகிறவர்.
கொப்பரை இறக்கும்போது கால் வழுக்கி
வலது கை, முழங்கை வரைக்கும்.
கூட வந்தவர்கள் நல்லவர்கள்.
ஆளுக்கொன்று செய்திருந்தார்கள்.
ஒருவர் சுண்ணாம்பு. ஒருவர் பல் பேஸ்ட்டு.
முட்டை உடைத்து ஊற்றியது மச்சினன்.
அதன்மேல் யாரோ பேனா மை.

"தண்ணி ஊத்துனீங்களா?"
"ஐயோ, கொப்பளம் போட்டுருமுங் சிஸ்டர்."
மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்,
பத்தடி தள்ளி,
தொட்டி நிறைந்து வாய்க்காலில் போய்க்கொண்டு.

அவர்கள் பூசிவிட்ட பிரியத்தையெல்லாம்
இடுக்கியால் பொறுக்கி எடுக்க
எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.
மாரசாமி கத்தவில்லை.
கட்டில் கம்பிதான் கிறீச்சிட்டது.

தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில்
எக்ஸெல் வண்டியில்
அளவு டேப்பும் நானுமாய்
ஆலை ஆலையாக ஏறி இறங்கினோம்.
அடுப்பைச் சுற்றி இரண்டடிச் சுவர் கேட்டேன்.
வழுக்காத தரை கேட்டேன்.
சக்கைக் குவியலோரம் கட்டிய தொட்டிலை
அந்த வேப்பமரத்துக்கு மாற்றச் சொன்னேன்.

"ஏனுங் அம்மிணி, வெல்லம் இப்ப
சிப்பம் என்ன வெலைக்குப் போகுதுன்னு தெரியுமா?"
என்றார் நாச்சிமுத்து.
தெரியும் என்றேன்.
தொடைத் தோலை உரித்துக்
கையில் ஒட்டுவோம், அது தெரியுமா என்றேன்.
அவர் துண்டை உதறித்
தோளில் போட்டுக்கொண்டார்.

நாலு ஆலையில் சுவர் எழுந்தது.
மற்றதில் டீ கொடுத்தார்கள்.

டீ முடிந்ததும் எல்லோரையும்
தொட்டியடிக்குக் கூப்பிடுவேன்.
குழாய்க்கு அடியில் கையை நீட்டுங்கள்.
இருபது நிமிசம்.
"எங்களுக்குத்தான் ஒண்ணும் சுடலீங்களே?"
சுட்ட பிறகு மணி பார்க்க வராது,
இப்போதே பழகுங்கள்.

இரண்டாம் நிமிசத்தில் கேலி.
ஐந்தில் ஒருத்தன் பீடிக்கு நழுவினான்.
ஒன்பதில் கை மரத்துப்போச்சு என்றார்கள்.
பிறகு பேச்சும் தீர்ந்து
தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

"ஒரு கொப்பரைக்கு அழுக்கெடுக்கற நேரந்தான்,
அதுக்கு எதுக்கு மணி?"
என்றாள் வேலாத்தாள், கையை எடுக்காமலே.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
அதற்கப்புறம் எந்த ஆலையிலும்
நான் நிமிசக் கணக்குச் சொன்னதில்லை.
ஒரு அழுக்கெடுப்பு நேரம், அவ்வளவுதான்.

மாசக் கடைசியில் அறிக்கை கேட்பார்கள்.
வந்தவர்களுக்குக் கட்டம் இருக்கிறது:
பெயர், வயது, வெந்த சதவீதம்.
வழுக்காத காலை,
மரத்தடியில் தூங்கி எழுந்த பிள்ளையை
எந்தக் கட்டத்தில் எழுத?
கோடு போட்டு அனுப்பிவிடுவேன்.

இந்த மார்கழி, ராத்திரி பதினொன்றரை.
நூற்றியெட்டின் கதவு திறந்தது.
சலங்கபாளையத்துப் பையன், பத்தொன்பது வயது.
சட்டை, லுங்கி, தலைமுடி
சொட்டச் சொட்ட நனைந்து
பல் கிடுகிடுக்க நின்றான்.
(கையை மட்டும் என்று
இனி அழுத்திச் சொல்ல வேண்டும்.)

சுண்ணாம்பு இல்லை. மை இல்லை.
வெளுத்த துண்டைப் பிரித்தால்
செக்கச் செவேலென்று வெறும் கை.

போர்வையைத் தேடி ஓடினேன்.
வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரத் தடம்.
"இப்பத்தான் தொடச்சுட்டுப் போனன்,
ஆருடா இது?" என்று
மாப்போடு வந்தாள் பாவாயி அக்கா.

சித்தெ இருக்கா, என்றேன்.
அது பாட்டுக்குக் காயட்டும்.