ஒன்பது ரப்பர் பேண்டு

பரோட்டாக் கல்லைச் சுரண்டி முடித்தபோது
மணி ஒன்றரை.
நாலே முக்காலுக்கு எழுந்துவிட்டேன்.
மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டுகளைக் கழற்றவில்லை.
சனிக்கிழமை ராத்திரி மட்டும் கழற்றுவதில்லை.

இந்த வாரம் எக்கோ பார்க்.
போன வாரம் வண்டியூர்க் கண்மாய்க் கரை.
அதற்கு முன்னால் ராஜாஜி பூங்கா.
அதற்கும் முன்னால் திருநகரில்
பெயர்ப்பலகை உதிர்ந்த ஒரு சின்னப் பூங்கா.
சறுக்குமரத்தடியில் நாய் குட்டி போட்டிருந்தது.
அந்த மூலைக்கு வந்ததும் முப்பது பேரும்
பைய நடந்து,
தாண்டியபின் ஓடினோம்.

ஐந்து கிலோமீட்டர்
இடத்துக்கு இடம் வேறு.
கண்மாய்க் கரையில் அது போய்த் திரும்புகிற ஒரே கோடு,
தண்ணீரில் நிற்கிற நாரை
போகும்போது ஒரு பக்கமும்
வரும்போது மறு பக்கமும் பார்க்கும்.
திருநகரில் இருபத்திரண்டு சுற்று.
பதினாலுக்கு மேல் யாருக்கும் கணக்கு நிற்காது.
ஆளாளுக்கு ஒரு தொகை சொல்வார்கள்,
சோணைமுத்து எப்போதும் இரண்டு கூட்டி.
இங்கே ஒன்பது.
இடது கையில் ஒன்பது மாட்டி
சுற்றுக்கு ஒன்றாக வலது கைக்கு மாற்றுவேன்.
பார்சல் கட்டுகிறவனுக்கு
எண்ணத் தெரியாதா என்ன.

விசில் ஊதுவது ஜெசிந்தா.
பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவர்.
கை கொடுத்தால்
நரம்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்.
கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வரவேண்டும் என்று
அவராகவே எடுத்துக்கொண்ட வேலை.
ஐந்து மாதமாக அந்தக் கடைசி ஆள்
நான்.
"வாயால விடுங்கண்ணே மூச்ச,
யாரும் விரட்டல."
அவர்தான் விரட்டுகிறார்.

முன்னால் போகிறவர் கார்வேந்தன் சார்,
பதிவு அலுவலகம்.
அவர் வாட்ச் கிலோமீட்டருக்கு ஒரு தடவை
இங்கிலீஷில் பேசும்.
என்னைத் தாண்டும்போதெல்லாம்
என் தோள்பட்டைக்கு ஒரு குட்மார்னிங் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார்.
காரை விட்டு இறங்கவில்லை.
ஆறு பரோட்டா, ஒரு கோழிச் சுக்கா, சால்னா தனியாக.
கண்ணாடி இறங்கியது,
பை உள்ளே போனது,
கண்ணாடி ஏறியது.
தலையில் துண்டு கட்டினால்
நான் வேறு ஆள் போலிருக்கிறது.
நானும் குட்மார்னிங் சொல்லவில்லை.
ராத்திரி பதினொரு மணி.

இன்று என் ஐந்தாவது சுற்றில்,
நீரூற்றுத் தொட்டி தாண்டி,
இரண்டாம் தடவை என்னை முந்தியவர்
பத்தடி தள்ளி நின்றுவிட்டார்.
வாட்சைத் தட்டினார்.
உதறினார்.
காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.
"செத்துப்போச்சு.
எத்தனை ஓடுனேன்னு தெரியலையே."

"ஆறு சார்" என்றேன்.
"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
வலது கையைத் தூக்கிக் காட்டினேன், நாலு.
"நீங்க ரெண்டு தடவ தாண்டிட்டீக."

கூட்டிப் பார்த்தார் போல,
உதடு அசைந்தது.
பிறகு கையை நீட்டினார்.
பார்சலுக்கு நீட்டுகிற மாதிரியில்லை,
உள்ளங்கை மேலே பார்த்து, கொஞ்சம் கூச்சமாக.

ஓடி முடித்ததிலிருந்து மூன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.
ஓட வேண்டியதை எப்படிக் கொடுப்பது.
மாட்டிக்கொண்டார்.
வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியவர்
மூக்கருகே நிறுத்தினார்.
"என்ன வாசம் இது?"

பின்னால் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
விசில் வாயில் இருந்ததால் அது
பீப்பீ என்று வெளியே வந்தது.
எனக்குப் பேச மூச்சில்லை.
"மூணு சுத்து சார். போங்க."

போனார்.
அடுத்த திருப்பத்தில், வேப்பமரங்களுக்கு நடுவே,
மணிக்கட்டை அவர் மறுபடியும்
முகத்துக்குக் கொண்டுபோவது தெரிந்தது.
வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது.

என் இடது கையில்
இன்னும் ஐந்து.