ஒன்பது படி

தட்டச்சு என் வேலை.
தோரிசா ஆற்றோரக் காவல் நிலையம்,
வாசலில் பனி தள்ளும் மண்வெட்டி, ஒரு கொடி.

"ரோமா இனம், வயது பத்தொன்பது,
படியில் தவறி விழுந்து இறப்பு."
ஹ்லவாட்டி சொல்லச் சொல்ல அடித்தேன்.
தெஸிதெர் என்ற பெயருக்கு முன்னால்
விரல் பழக்கத்தில் 'திரு' விழுந்துவிட்டது.
அழிக்கச் சொன்னார்.

எத்தனை படி?
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
"ஏழு." காபியை உறிஞ்சிவிட்டு,
"ஒன்பதுன்னு போடு."

வெளியே பெஞ்சில் அவன் தாய் மிலேனா,
மடியில் அவனுடைய இடது காலணி.
வலதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மருந்துக்கடை வரிசையில் ஊர் பேசியது:
"அவங்களுக்குக் கால் ஒரு இடத்துல நிக்காதே."
நாலு பேர் தலையசைத்தார்கள்,
பிறகு வரிசை முழுக்க.
ஆளுக்கொரு கல்லாக எடுத்து வைத்து
படிக்கட்டு எழும்பிக்கொண்டிருந்தது.
நானும் அசைத்தேன். எனக்கு
ரத்த அழுத்த மாத்திரை வேண்டியிருந்தது.

பதினோரு வருடமாக உள்ளே போய் வருகிற கட்டடம்.
ஒற்றைத் தளம்.
வாசலில்கூடச் சரிவுப் பாதைதான்,
சக்கர நாற்காலிக்காகப் போட்டது.

இன்று காலை மிலேனா
என் மேசைமுன் வந்து நின்றாள்.
"எங்கே விழுந்தான்,
காட்டேன், ஒரு மெழுகுவர்த்தி வைக்கணும்."