ஹீட்டர் குமிழ்

ஏசி ஐஸ் மாதிரி, பிரதர், என்றார் ஹஸ்புல்லா.
பிடோக்கில் ஒரு பலமாடிக் கார்நிறுத்தம், நாலாவது தளம்.
நான் பார்த்ததும் அதைத்தான்.
பத்தொன்பது வருஷமாக ஏசி மாட்டிக் கழற்றுகிறவன்.
காற்று வரும் துளையில் உள்ளங்கையை வைத்தேன்,
கம்ப்ரஸருக்குக் காது கொடுத்தேன்,
மருத்துவர் மாதிரித் தலையாட்டினேன்.
பானெட்டுக்குள் இன்னொரு குளிர்ச்சி இருக்கிறது,
அது ஓடுகிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

பஜேரோ. நாலு சக்கரத்துக்கும் விசை.
சேறு ஏறும், ஓடை தாண்டும்.
இந்த ஊரில் சேறு எங்கே இருக்கிறது?
லிம் சூ காங்கில் கொஞ்சம், அதற்கும் வேலி.
சிஓஇ முடியப் பதினான்கு மாதம்.
அதனால்தான் அந்த விலை.
சாகும் தேதியை அச்சிட்டுக்கொண்டு வந்த வண்டி,
என் முதல் வண்டி,
அன்று இரவே மூன்று தரம் துடைத்தேன்.

சனிக்கிழமை, கோத்தா திங்கிப் பக்கம் ஒரு காட்டுத்தடம்
என்று கிளம்பினோம்.
பாலத்தின் நடுவில் நின்றோம்.
முன்னே சிவப்பு விளக்குகள், பின்னே கோழி லாரி,
இரு பக்கமும் கடல்,
ஒரு வாளிகூட நமக்கு ஆகாத கடல்.
முள் நகர்ந்தது.
பாதியில் இருந்தது பாதிக்கு மேல்,
பிறகு யாரும் பார்க்காதபோது இன்னும் கொஞ்சம்.
சட்டப்படி முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தது.
தண்ணீருக்குச் சட்டம் இல்லை.

எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று:
குளிர் என்று ஒரு பொருளே கிடையாது.
ஓர் அறையின் சூட்டை வாரி
யாருடைய சன்னலுக்கு வெளியிலோ கொட்டுகிறோம்,
அதற்குப் பில் போடுகிறோம்.

ஏசியை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கினேன்.
சிங்கப்பூரில் எவன் ஹீட்டர் போடுவான்?
ஒன்பது வருஷமாக யாரும் தொடாத குமிழ்
கிரீச்சிட்டுத் திரும்பியது.

முப்பத்துமூன்று டிகிரி வெயிலில்
இஞ்சினின் காய்ச்சல் எங்கள் முகத்தில் அடித்தது.
புஷ்பலீலா ஒன்றும் சொல்லவில்லை.
கூந்தலை அள்ளி முடிந்தாள்,
செருப்பைக் கழற்றிக் காலை இருக்கைமேல் மடக்கினாள்.
பின்னால் தாரகை
சாக்லேட் உருகிய விரல்களை
ஒட்டாமல் அகற்றிப் பிடித்திருந்தாள்.
பக்கத்து வரிசையில் ஏற்றிய கண்ணாடிக்குள்
ஒருவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

முள் நின்றது.
ஒரு கோடு இறங்கியது.
நாங்கள் வேர்த்தால் அது இறங்கும் என்று புரிந்த பிறகு
மூவரும் ஒரு வேலையாகவே வேர்த்தோம்.

செவ்வாய்க்கிழமை, காக்கி புக்கிட்.
ஆ கியோங் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.
உள்ளே தே சி நிறம்.
ஓட்டை அடைக்கிற பொடி என்றார், விரலில் தொட்டுக் காட்டி.
தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய கூட்டுக்குள் டார்ச் அடித்தார்.
கூடு காலி.
யாரோ கழற்றியிருக்கிறார்கள்,
கழற்றிவிட்டுப் போல்ட்டைப் பத்திரமாக முடுக்கியிருக்கிறார்கள்.
ரேடியேட்டர், வாட்டர் பம்ப், இரண்டு ஹோஸ்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
ஸ்கிராப் லா, என்றார், அன்பாகவே.

ஹஸ்புல்லாவுக்குப் போன் போட்டேன்.
நான் பாலத்துக்கே போனதில்லை, பிரதர்.
பிடோக், சாங்கி, திரும்ப பிடோக்.
பொய் மாதிரி இல்லை.
அதுதான் இன்னும் எரிகிறது.

பணம் கட்டினேன்.
அன்றைக்கு ஜூரோங் வெஸ்டில் ஒரு வேலை.
கம்ப்ரஸரின் வெளிமூச்சு
கீழ்வீட்டுத் துணிக்கம்புகள்மேல் போவதைப் பார்த்துக்கொண்டே
கொஞ்ச நேரம் ஏணியில் நின்றேன்.
வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார்.

இப்போது முள் பாதியில்
ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.
ஆனாலும் சிவப்பு விழுந்தால்
புஷ்பலீலாவின் கை தானாக அந்தக் குமிழுக்குப் போகிறது.
தொட்டுப் பார்க்கிறாள்.
திருப்புவதில்லை.
பதின்மூன்று மாதம் இருக்கிறது.