ஒற்றைக்கால்

முந்நூற்று எண்பது கிராம்.
சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்:
நடுத்தர வெங்காயம் நான்கு.
நீட்டினால் என் புருவம் தொடும்,
மடக்கினால் பைக்குள் குடைபோலக் கிடக்கும்.
விற்றவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
இதற்குக் கால் ஒன்றுதான்;
மீதி இரண்டை
வாங்கியவன் கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன்.
காலை அகட்டி, முழங்கையை விலாவில் ஒட்டி,
மூச்சைப் பாதியில் நிறுத்தி
மெஸ்தியாவின் கல் கோபுரங்களை
அந்தி மங்க மங்க எடுத்தேன்.
கால் வினாடி தாங்குகிறது.
அரை வினாடிக்குப் போனால்
என் நாடி படத்தில் விழுந்துவிடுகிறது:
ஒவ்வொரு கோபுரமும்
தன் ஆவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆற்றுக்கு அப்பால் அறை அளவே ஒரு தேவாலயம்.
சாவி மக்வாலாவிடம்.
மாட்டைக் கட்டிவிட்டு வந்தவள்
வாசலில் கையை மறித்தாள்.
முக்காலி கூடாது,
தரையெல்லாம் மெழுகுவர்த்தி.
இது முக்காலி இல்லையே என்று நீட்டினேன்.
வாங்கிச் சுற்றிப் பார்த்தாள்,
அடியிலிருந்த ரப்பர்க் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினாள்,
என்னவோ சொன்னாள்.
கூட வந்த பள்ளிக்கூடப் பையன் மொழிபெயர்த்தான்:
"ஒரே காலோடு வந்திருப்பதை
எப்படித் துரத்துவது என்கிறார்."

உள்ளே சுவரில், குதிரைமேல் ஒரு புனிதர்.
ஈரம் தின்றது போக
குதிரைக்கு மூன்று கால் மிச்சம்.
நாலாவது என் கையில்.

மறுநாள் ஜன்சுக்கின் வேன், பதினேழு பேர்.
பெச்சோ திருப்பத்தில் ரேடியேட்டர் கொதித்து
வெள்ளையாகச் சீறியது.
பானெட்டைத் தூக்கினார். முட்டுக்கொடுக்கும் கம்பி
எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டதாம்.
ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்
என் கையில் நின்றார்.

தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.
எவ்வளவு நேரம் நிற்பது?
மடியில் பாலாடைக்கட்டிச் சக்கரத்தோடு ஏதெரி,
ஆறு மணி ரயிலுக்குப் போகிறவள்,
கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள்.

கார்பன் குழாய் ஒருமுறை முனகியது.
இரண்டாம் மூட்டில் 'டிக்' என்றது.
தாங்கிவிட்டது.

அப்போதுதானா மேகம் விலக வேண்டும்?
உஷ்பா, இரண்டு கொம்போடும்,
கொம்பு நுனியில் ஆரஞ்சு வெயிலோடும்.
என்னிடம் நீண்ட லென்ஸ்.
காலையில் குடித்த மூன்று காபியின் நடுக்கம்.
வேனின் வாய்க்குள் முட்டுக்கொடுத்தபடி
நிமிர்ந்து நிற்கிறது என் குச்சி.

ஏதெரி இறங்கி வந்து முன்னால் நின்றாள்.
தன் தோளைத் தட்டினாள்.
லென்ஸை அங்கே வைத்தேன்.
மூச்சு விடாதே என்று சைகை காட்டினேன்.
விடவில்லை. ஒன்று, இரண்டு...
ஜன்சுக் வண்டிக்கடியிலிருந்து ஏதோ கத்த,
குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள்.

இருக்கிறது அந்தப் படம்.
மலை கலங்கித்தான் இருக்கிறது.
காட்டுகிற இடத்திலெல்லாம் பனிப்புயலா என்கிறார்கள்.
ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

சுக்தீதியில் இறங்கும்போது ஜன்சுக்
என்னிடம் முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.
குச்சியை மட்டும்
சட்டை நுனியால் துடைத்து,
தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டாம் மூட்டு இப்போது மடங்குவதில்லை.
பைக்கு வெளியே ஒரு முழம்
நீட்டிக்கொண்டு வருகிறது,
கிரீஸ் வாசனையோடு.